போத்தலோடு வீடு வந்தவர்கள்: மார்பகச் சத்திரசிகிச்சையும் கட்டிக்கொள்ளும் நீரும்

குருக்கள்மடத்தில் எங்களில் ஒருவரின் பெரியம்மா இருக்கிறார். விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து விற்பதுதான் அவருக்கு நெடுநாள் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்னர் வலது மார்பில் புற்றுநோய் என்று தெரியவந்தது. தூரத்து நகரம் ஒன்றில் உள்ள ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) மார்பை எடுத்தார்கள். கமக்கட்டுக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு ஷொப்பிங் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் போத்தல், போத்தலில் இருந்து சட்டைக்குள் போகிற ஒரு மெல்லிய குழாய். போத்தலுக்குள் சிவப்பும் மஞ்சளும் கலந்த தண்ணி. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கக் கூடாதென்று பைக்கு மேல ஒரு துவாய் போட்டு மூடியிருந்தார். கூட ஒரு கடதாசியும் கொடுத்து விட்டிருந்தார்கள். முழுக்க ஆங்கிலம்.

போத்தலைக் கழற்றிய பிறகும் தோலுக்குக் கீழே தண்ணி கட்டியது. மூன்று தரம் ஊசியால் எடுத்தார்கள். அதுவும் நின்றது. எட்டு மாதம் போக, வலது கையில் போட்டிருந்த காப்பு இறுகத் தொடங்கியது. பிறகு கை முழுக்க வீங்கியது. "என்ட கை எனக்கே பாரமாக் கிடக்கு மனே" என்று ஒருநாள் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையால் வேலை செய்யக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடியப்ப உரலை ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார். வருமானம் நின்று, கையும் வீங்கி.

இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது, இதைக் குறைக்க என்னதான் வழி என்று நாங்கள் தேடத் தொடங்கினோம். தேடப்போனால் அது நானூறு வருடக் கதையாக இருந்தது. நாங்கள் டொக்டர்கள் இல்லை. ஆனால் இந்தக் கதை டொக்டர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவுக்கு வந்தது ஒரே நோய் இல்லை, இரண்டு. ஒபரேஷன் முடிந்த கையோடு, மார்பு இருந்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே உண்டாகிற வெற்றிடத்தில் நீர் கட்டுவது ஒன்று. அதை 'செரோமா' என்கிறார்கள். அறுபட்ட நிணநீர்க் குழாய்களில் இருந்து கசிவதும், காயம் ஆறும்போது ஊறுவதும் சேர்ந்த நீர் அது. பெரும்பாலும் சில கிழமைகளில் வற்றிவிடும். மற்றது மாதங்களோ வருடங்களோ கழித்துக் கையில் வருகிற வீக்கம். அது நிணநீர் வீக்கம். வந்தால் இலேசில் போகாது, வாழ்நாள் முழுக்கக் கவனிக்கவேண்டிய ஒன்று. முதலாவதுக்குக் காரணம் வெற்றிடம். இரண்டாவதுக்குக் காரணம் வழி அடைபட்டது.

என்ன வழி? இரத்தக் குழாய்களில் இருந்து உடம்பின் திசுக்களுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் கசிகிறது. அதில் ஒரு பங்கைச் சேர்த்தெடுத்துத் திரும்ப இரத்தத்தில் கொண்டுபோய் விடுவதற்குத் தனியான மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. 1622இல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலை ஒட்டி வெள்ளை வெள்ளையாய் நூல் மாதிரிக் குழாய்களைக் கண்டார். நரம்பென்று நினைத்து ஒன்றை வெட்ட, பால் மாதிரி ஒன்று வடிந்தது. அந்த நாய் சற்றுமுன் தின்றிருந்தது. உணவில் இருந்த கொழுப்பைத்தான் அந்தக் குழாய்கள் சுமந்துகொண்டிருந்தன. தமிழில் இதற்கு நிணநீர் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார். நிணம் என்றால் கொழுப்பு.

இந்தக் குழாய்களுக்கு இதயம் மாதிரி நடுவில் ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் தாங்களே மெல்லச் சுருங்கி விரியும். சுற்றியுள்ள தசை அசையும்போது பிழிந்து தள்ளும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். வழியில் அங்கங்கே கணுக்கள் வடிகட்டியாக நிற்கின்றன. கைக்கும் மார்புக்கும் பொதுவான பெரிய சந்தி கமக்கட்டு. மார்பில் வருகிற புற்றுநோய் முதலில் பரவுகிற இடமும் அதுதான். சிக்கலே இங்கேதான். நோயைத் தேடி அந்தச் சந்தியை வெட்டினால், கையில் இருந்து வருகிற நீருக்கும் வழி போய்விடும்.

1894இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் வில்லியம் ஹால்ஸ்டெட் தன்னுடைய ஐம்பது நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார். மார்பு, அதன் கீழ் இருக்கும் மார்புத் தசை, கமக்கட்டுக் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக அகற்றுவது அவர் முறை. அந்தக் காலத்தில் வெட்டிய இடத்திலேயே கட்டி திரும்ப முளைப்பதுதான் பெரிய பிரச்சினை, அதை அவர் வெகுவாகக் குறைத்தார். எனவே அடுத்த எழுபது, எண்பது வருடங்களுக்கு உலகெங்கும் அதுவே வேதமானது. நோய் ஒரு மரத்தின் வேர் போல ஒழுங்காகப் படர்கிறது, ஆகவே கூட வெட்டினால் கூடக் குணமாகும் என்பது அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை.

விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். ஹால்ஸ்டெட்டுக்கே அது தெரியாமல் இல்லை. 1921இல், சாவதற்கு ஒரு வருடம் முன்பு, ஒபரேஷனுக்குப் பின் கை வீங்குவது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'சத்திரசிகிச்சை யானைக்கால்'. யானைக்கால் எங்களுக்குப் புதிதான சொல் இல்லை. நுளம்பு பரப்புகிற புழு நிணநீர்க் குழாயை அடைத்துக் காலை வீங்கவைக்கிற நோய், இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பல பத்தாண்டு வேலைக்குப் பிறகு 2016இல்தான் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. புழு செய்கிற அதே வேலையைக் கத்தியும் செய்கிறது என்பதுதான் ஹால்ஸ்டெட் வைத்த பெயரின் அர்த்தம். ஆனால் அவர் கத்தியைக் குறை சொல்லவில்லை, காயத்தில் வருகிற கிருமித் தொற்றையே முக்கிய காரணமாகக் கண்டார். பாதி சரி. தொற்று வந்தால் வீக்கம் கூடும் என்பது இன்றைக்கும் உண்மை. மற்றப் பாதியை ஒத்துக்கொள்ள இன்னும் ஐம்பது வருடம் எடுத்தது.

இடையில் வினோதமான முயற்சிகளும் நடந்தன. 1908இல் லண்டனில் சாம்ப்சன் ஹாண்ட்லி என்பவர் வீங்கிய கையின் தோலுக்குக் கீழே கையிலிருந்து தோள்வரை பட்டுநூல் இழைகளைப் புதைத்தார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நூல் வழியே நீர் ஏறிப் போகும் என்று எண்ணம். முதலில் வீக்கம் வற்றியது. நீடிக்கவில்லை. வாசிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வழி அடைபட்டிருக்கிறது, புது வழி வேண்டும் என்று அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். இன்றைக்கு நுண்நோக்கியின் கீழ் நிணநீர்க் குழாயைச் சிறு நாளத்தோடு பொருத்துகிறார்களே, அதற்குப் பின்னாலும் அதே எண்ணம்தான்.

பெரியம்மாவின் பையில் இருந்த போத்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு. தோலுக்குக் கீழே நீர் கட்டாமல் இருக்க முன்னர் இறுக்கிக் கட்டுப்போட்டார்கள், திறந்த றப்பர் குழாய்களை வைத்தார்கள். திறந்த குழாய் வழியே நீர் வெளியே வரும், கிருமி உள்ளே போகும். 1940களில் குழாயோடு உறிஞ்சும் விசையைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1954இல் பிரான்சில் ரெடோன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் மூடிய போத்தலுக்குள் காற்றை எடுத்துவிட்டு, அந்த வெற்றிடமே நீரை இழுக்கும்படி அமைத்தார்கள். நீரும் போகும், தோலும் தசையோடு ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். மின்சாரம் தேவையில்லை, விலை குறைவு, வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் கொண்டுபோகிறவருக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். போத்தல் காயத்துக்குக் கீழே இருக்கவேண்டும். அதன் அமுக்கம் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதிவைக்கவேண்டும், ஏனென்றால் ஒரு நாளைய அளவு முப்பது மில்லிலீற்றர் போல குறைந்த பிறகே குழாயை எடுப்பது பல இடங்களில் வழக்கம். திடீரென ஒன்றுமே வராமல் நின்று மார்பு உப்பினால் குழாய் அடைத்திருக்கலாம். காய்ச்சல், சிவப்பு, நாற்றம் இருந்தால் உடனே போகவேண்டும். பெரியம்மா ஒரு நாளும் அளக்கவில்லை. நிரம்பினால் ஊற்றினார். "அளக்கணும் எண்டு ஆரு சொன்ன?" என்று கேட்டார். கடதாசியில் இருந்தது, இரண்டாம் பக்கத்தில்.

செரோமாவைக் குறைக்க வேறென்ன செய்கிறார்கள்? பசை மாதிரி ஒட்டுகிற மருந்துகளை நிறையப் பரிசோதித்தார்கள், நிச்சயமான பலன் இல்லை. அதைவிடப் பழைய தையல்காரரின் உத்தி ஒன்று நன்றாக வேலை செய்தது. பஞ்சு மெத்தையில் பஞ்சு ஒருபக்கம் ஒதுங்காமல் இருக்க அங்கங்கே குத்தித் தைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி மூடும்போது தோலைக் கீழே உள்ள தசையோடு பல இடங்களில் தைத்துவிடுவது. வெற்றிடம் இல்லையென்றால் நீர் எங்கே கட்டும்? ஒபரேஷன் நேரம் கொஞ்சம் கூடும், செலவு நூல்தான். இப்படித் தைத்தவர்களுக்கு நீர் கட்டுவது குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இந்த மாதிரி மலிவான விசயங்களுக்கு விளம்பரம் செய்ய ஆள் இருக்காது, அதனால்தான் இதை இங்கே நீட்டி எழுதுகிறோம்.

இன்னொன்று நேரம் பற்றியது. தோளை முதல் நாளிலிருந்தே உயர்த்தி அப்பியாசம் செய்தால் கை சீக்கிரம் இளகும், ஆனால் காயத்தில் வடிகிற நீர் கூடும், குழாயும் கூடநாள் இருக்கும். ஆகவே முதல் ஒரு கிழமை விரல், மணிக்கட்டு, முழங்கை அளவில் அசைத்து, அதற்குப் பிறகு தோளை மெல்ல உயர்த்தத் தொடங்குவது நல்லது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். கவனியுங்கள், தள்ளிப்போடுவது கொஞ்ச நாள். வாழ்நாள் முழுக்க இல்லை. எங்கள் ஊர்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

இனிக் கை வீக்கம். அதைக் குறைத்த பெரிய விசயம் கருவியோ மருந்தோ அல்ல, வெட்டுவதைக் குறைத்ததுதான். 1971இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. 1,600க்கு மேற்பட்ட பெண்கள். சிலருக்கு ஹால்ஸ்டெட் முறை, சிலருக்கு மார்பை மட்டும் எடுப்பது, சிலருக்கு அதோடு கதிர்ச் சிகிச்சை. மூத்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் ஃபிஷர் மீது கடுங்கோபம் கொண்டார்கள், பெண்களின் உயிரோடு விளையாடுகிறார் என்றார்கள். 25 வருடம் பின்தொடர்ந்து 2002இல் முடிவு வந்தது. எந்த முறையில் செய்தாலும் உயிர் பிழைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கூட வெட்டினால் கூடக் குணம் என்பது பொய். எத்தனை இலட்சம் பெண்கள் தசையும் கையும் இழந்த பிறகு.

அடுத்த படி 1990களில் வந்தது. மார்பில் இருந்து வடிகிற நிணநீர் கமக்கட்டில் முதலில் போய்ச் சேருகிற கணு எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது. காவற்கணு என்று சொல்லலாம். 1993இல் டேவிட் க்ராக் கதிரியக்கப் பொருளை வைத்தும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தை வைத்தும் மார்பகப் புற்றுநோயில் இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கணு சுத்தமென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். பலனை எண்ணிக்கையில் சொன்னால், 2013இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி கமக்கட்டை முழுதாகத் துப்புரவாக்கியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவற்கணு மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய பதினெட்டில் ஒருவருக்கு.

கதிரியக்கப் பொருளும் அதை அளக்கிற கருவியும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காதே என்று கேட்கலாம். மும்பையின் டாடா நினைவு ஆஸ்பத்திரிக்காரரும் அதைத்தான் கேட்டார்கள். கமக்கட்டின் கீழ்ப்பகுதியில் உள்ள கணுக்களை மட்டும், எந்தக் கருவியும் இல்லாமல் எடுத்துப் பார்த்தால் என்ன என்று ஒப்பிட்டு, அது காவற்கணு முறைக்கு இணையாக நிற்கிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். எங்களைப் போன்ற நாடுகளுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெரியம்மாவுக்கு இது எதுவும் உதவியிருக்காது. அவர் கட்டியை மறைத்து வைத்திருந்தது ஒன்றரை வருடம். போனபோது கமக்கட்டில் கணுக்கள் கைக்கே தட்டுப்பட்டன. அந்த நிலையில் முழுதாகத் துப்புரவாக்கவே வேண்டியிருந்தது, செய்த டொக்டர் சரியாகத்தான் செய்தார். ஏன் மறைத்தார் என்று கேட்டோம். மூத்த மகளின் கலியாணம் பேச்சில் இருந்ததாம்.

வீங்கின பிறகு என்ன செய்வது என்பதற்கு வருவோம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர், எஸ்ட்ரிட் வொடர் தம்பதி 1930களில் மெல்லத் தடவி நிணநீரை நகர்த்துகிற முறையை உருவாக்கினார்கள். பிறகு ஜெர்மனியில் ஃபோல்டி அதோடு கட்டுப்போடுதல், அப்பியாசம், தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். கேரளத்தில் காசர்கோட்டில் ஒரு தோல் மருத்துவ நிறுவனம் யானைக்கால் நோயாளிகளுக்கு இதையே ஆயுர்வேதத்தோடும் யோகத்தோடும் இணைத்து, கிராமத்து ஆட்கள் வீட்டிலேயே செய்யும்படி மாற்றியிருக்கிறது.

ஆனாலும் வேலை செய்யாதே, பாரம் தூக்காதே என்ற கட்டளை மட்டும் உலகெங்கும் நெடுங்காலம் அப்படியே இருந்தது. அதை உடைத்தது ஒரு படகு. 1996இல் கனடாவின் வன்கூவரில் விளையாட்டு மருத்துவர் டொன் மக்கென்சி, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து ட்ராகன் படகு வலிக்கப் பழக்கினார். துடுப்பு வலிப்பதைவிடக் கைக்குக் கடினமான வேலை இருக்குமா? கை வீங்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஒருவருக்கும் புதிதாக வீங்கவில்லை. அவர்கள் படகை விட்டு இறங்கவும் இல்லை. இன்றைக்குப் பல நாடுகளில் அப்படிப்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. பிறகு 2009இல் பிலடெல்பியாவில் கேத்ரின் ஷ்மிட்ஸ், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மேற்பார்வையோடு மெல்ல மெல்லக் கூட்டிப் பாரம் தூக்கப் பயிற்சி கொடுத்தார். வீக்கம் திடீரென மோசமானது பாரம் தூக்கியவர்களில் 14 வீதம், தூக்காதவர்களில் 29 வீதம். தசை பிழிந்தால்தான் நிணநீர் நகரும் என்று முன்னர் சொன்னோமே, அதுதான்.

இதைப் பெரியம்மாவுக்குச் சொன்னபோது நம்பவில்லை. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் நடுவே வாவியில் ஓடுகிற பாதையைக் காட்டி (படகுத் துறைப் பயணத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர்), "அப்ப நான் தோணி வலிச்சுப் படுவான்கரைக்குப் போகட்டோ?" என்று பகிடி விட்டார். அருவி வெட்டுக் காலத்தில் அக்கரைக்குப் போய் வந்த கைதான் அது.

தொற்று விசயத்தில் மட்டும் ஹால்ஸ்டெட்டைக் கேட்கத்தான் வேணும். வீங்கிய கையில் ஒரு சிறு கீறல் பட்டாலும் கை சிவந்து காய்ச்சல் எடுக்கலாம், ஒவ்வொரு தரமும் வீக்கம் கூடும். வாவிக்கரை வீடுகளில் இறால் உரிக்காத நாள் உண்டா? கூன்முள் குத்தும். றப்பர் கையுறை போட்டு உரியுங்கோ என்றோம். அந்தக் கையுறையை ஒபரேஷன் அறைக்குக் கொண்டுவந்ததும் ஹால்ஸ்டெட்தான். கரோலைன் ஹாம்ப்டன் என்ற தாதியின் கை கிருமிநாசினியால் புண்ணாகிப்போக, 1889 - 90 காலத்தில் அவருக்காகச் செய்வித்தது. பிறகு அவரையே கலியாணமும் செய்தார். பெரியம்மாவுக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான்.

திரும்ப அந்த ஆங்கிலக் கடதாசிக்கு வருகிறோம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார். 1860களில் இருந்து தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். சத்திரசிகிச்சைப் பாடநூல் ஒன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் வெளியிட்டார். அவருக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு முழுச் சத்திரசிகிச்சை நூலையே தமிழில் கொண்டுவர முடிந்திருக்கிறது. போத்தலை எப்படி அளப்பது என்று இரண்டு பக்கம் தமிழில் கொடுக்க இன்றைக்கு முடியவில்லை என்றால் அதற்குச் சொல் இல்லாதது காரணம் இல்லை.

நாங்கள் அந்தக் கடதாசியைத் தமிழாக்கி, பெரியம்மாவின் கிளினிக்கில் இருந்த இயன்மருத்துவரிடம் காட்டித் திருத்தி, ஒரே பக்கமாக அச்சடித்தோம். 'நிணநீர்' என்ற சொல்லைப் பெரியம்மா வெட்டச் சொன்னார். "கைநீர் எண்டு போடுங்க, எல்லாருக்கும் விளங்கும்." கைநீர் என்றே போட்டிருக்கிறோம்.

இப்போது அவர் இரவில் கட்டுப் போடுகிறார். பகலில் இறுக்கமான கையுறைச் சட்டை, மட்டக்களப்பு வெயிலில் அது லேசான காரியமில்லை, பங்குனி சித்திரையில் கழற்றி எறிந்துவிடுகிறார். இடியப்ப உரலை மீண்டும் எடுத்துவிட்டார், முதலில் அரைக் கிலோ மா, இப்போது இரண்டு கிலோ. கிழமைக்கு ஒருதரம் தையல் நாடாவால் முழங்கைக்கு மேலே அளந்து கலண்டரில் எழுதுகிறார். ஆவணியில் இடது 27 சென்ரிமீற்றர், வலது 31. போன கிழமை இடது 27, வலது 29.5.